பட்டனை அமுக்கினால் தூங்க வேண்டும்

செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டுத்தான் நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். திருவண்ணாமலையில் அப்போது எல்லா கம்ப்யூட்டர் சென்டரிலும் அதுதான் வழக்கம். வகுப்பு முடிந்ததும் திரையில் திறந்திருப்பதை ஒவ்வொன்றாக மூடி, ஷட் டவுன் கொடுத்து, திரை கறுத்த பிறகு யூ.பி.எஸ்ஸை அணைத்து, மேலே துணி போர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பவர் பட்டனில் கை வைத்த ஒருவனை மாஸ்டர் ஒரு வாரம் வாசலிலேயே நிற்க வைத்தார். ஆயுத பூஜைக்கு அந்தப் பட்டனுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். மற்றவர்களுக்கு இருந்த பயபக்தி எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

பின்னால் என் வேலைக்கு ஆபத்து வந்ததும் அந்தப் பக்தியால்தான்.

டிப்ளமோ முடித்துவிட்டு வேங்கிக்காலில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். ஊர் ஊராகப் போய்க் கிணறுகளைப் பற்றிக் கேட்டு எழுதும் வேலை. எத்தனை அடி ஆழம், தண்ணீர் எங்கே நிற்கிறது, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது. முன்பெல்லாம் காகிதத்தில் எழுதி சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே கிணற்றையே பார்க்காத யாரோ அதைத் தட்டச்சு செய்வார்கள். முப்பத்தெட்டு அடிக் கிணறு எண்பத்தெட்டு அடியாகித் திரும்பி வரும். அதனால்தான் மூன்று டேப்லெட் கம்ப்யூட்டர்களை அனுப்பி, அவற்றைத் தூக்கிக்கொண்டு போக என்னை எடுத்தார்கள். சிலேட்டு அளவு, செங்கல் கனம். கூடவே வரும் பேனாவால் திரையிலேயே எழுதலாம். ஆன் செய்தால் எழுந்து நிற்க ஐந்து நிமிஷம் பிடிக்கும்.

ஐந்து நிமிஷம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் கொல்லை என்று சொல்லும் வயல்களுக்கு வந்ததில்லை. மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் பாதி வார்த்தையில் எழுந்து மோட்டார் கொட்டகைக்கு ஓடிவிடுவார். நான் கற்றுக்கொண்டபடி எல்லாவற்றையும் மூடி, ஷட் டவுன் கொடுத்து, பையில் வைத்துக்கொண்டு பின்னால் போவேன். அங்கே போய் மறுபடி ஆன் செய்து நிற்பேன். அதற்குள் அவர் மடை திருப்பப் போயிருப்பார்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த ஒரு அக்கா என்னை மூன்றாம் முறை பார்த்தபோதே சிரித்துவிட்டாள்.

"இன்னா தம்பி, உன் பலகை எழுந்துச்சா இல்லியா? அது கண்ணத் தொறக்கறதுக்குள்ள என் மல்லாட்டையே முத்திடும் போல கீதே."

"இதோ வந்துடும்க்கா."

"வரட்டும் வரட்டும். வந்தா காபி குடுத்து உக்கார வை. நான் தண்ணி கட்டிட்டு வரேன்."

அந்த மாதம் பாதிப் படிவங்கள் பாதியிலேயே நின்றன. சென்னையிலிருந்து வந்து இங்கே தங்கியிருந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? பேப்பர் எப்பவும் முழிச்சிட்டேதான் இருக்கு. அதையே தூக்கிட்டுப் போகலாமே."

"இதையும் முழிக்க வைக்கலாம் சார்."

"நீயா?" என்று கேட்டார். அந்த ஒற்றை வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை நானே உங்கூட வரேன். அன்னிக்கும் இப்படித்தான்னா மூணையும் பெட்டில போட்டு சென்னைக்கு அனுப்பிடுவேன். உன் போஸ்ட்டும் அதோடதான் இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். காகிதம் தூக்க என்னை மாதிரி ஆள் தேவையில்லை. எனக்கு இருந்தது எட்டு நாள்.

அணைக்காமல் தூங்க வைக்கிற வசதி கம்ப்யூட்டரில் உண்டு என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். பவர் பட்டனை அமுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லி வைக்கலாம். அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். ஷட் டவுன் இருந்தது. ஒன்றும் செய்யாதே என்று ஒன்று இருந்தது. தூங்கு என்பதை மட்டும் காணவில்லை.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து மெயில் பார்க்கும் பிரவுசிங் சென்டர் ஒன்றில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். என்ன தேடுகிறேன் என்று எட்டிப் பார்த்த கடைக்காரர் உச்சுக் கொட்டினார். "அதெல்லாம் கம்பெனிக்காரன் வேலைப்பா. நமக்கு வராது."

வராதாம். மடியில் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். விஷயம் மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. இங்கே ஏதோ ஒரு கடையில் மூன்று டேப்லெட்டையும் அழித்துப் புதிதாக எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திரையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அது இல்லாவிட்டால் தூங்கும் வசதி தலைகாட்டாது. டிரைவரை இறக்கி சி.டி.யில் எழுதி வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் அனுமதி இல்லாமல் எதையும் ஏற்றக் கூடாது என்று விதி. மேனேஜரைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், கடன் வாங்கிய சி.டி. டிரைவ் ஒன்றை மாட்டி, ஒரு டேப்லெட்டில் மட்டும் ஏற்றினேன்.

இப்போது தூங்கு என்பது பட்டியலில் வந்துவிட்டது. தேர்ந்தெடுத்தேன். இனி ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். கை போகவில்லை. மாஸ்டரின் முகம் வந்து நின்றது. கெட்டுப்போனால் என் ஒரு வருஷச் சம்பளம் போதாது. 'நீயா?' என்ற குரலும் வந்தது. அமுக்கிவிட்டேன்.

திரை அணைந்தது. ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு மட்டும் மூச்சு விடுவது போல மெதுவாக எரிந்து எரிந்து அடங்கியது. மறுபடி அமுக்கினேன். மூன்று எண்ணுவதற்குள் திரை வந்துவிட்டது. நான் பாதி எழுதியிருந்த எண் அதே கட்டத்தில் இருந்தது. எங்கம்மா கோயில் தெருவில் பூ விற்கிறவள். மத்தியானத்தில் உட்கார்ந்தபடியே கண் அசருவாள், விரலில் நாரும் பூவும் இருக்கும். யாராவது முழம் என்ன விலை என்றால் விலையைச் சொல்லிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து கட்ட ஆரம்பித்துவிடுவாள். எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் பையை நசுக்கியதில் பட்டன் தானாகவே அமுங்கி, டேப்லெட் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டது. ஊர் போய்ச் சேர்ந்தபோது பை தோசைக்கல் மாதிரி சுட்டது, பேட்டரியில் ஒன்றுமில்லை. வெறும் கையோடு திரும்பியதை மேனேஜர் பார்த்தார். மூலையில் இருந்த காலிப் பெட்டியைத் துடைக்கச் சொன்னார்.

துடைத்து வைத்தேன். வீட்டுக்குப் போய், வார் அறுந்து கிடந்த என் ஹவாய் செருப்பை எடுத்துக் கழுவினேன். பிளேடால் ரப்பரை வளையமாக அறுத்துப் பட்டனைச் சுற்றி ஒட்டினேன். இனி விரல் நுனியை உள்ளே விட்டால்தான் பட்டன் அமுங்கும். நசுக்கினால் அமுங்காது. காலையில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற அண்ணன் அதைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார்.

"டேய், சரஸ்வதிடா அது! அதுல போயி செருப்ப ஒட்டி வச்சிருக்கே?"

"வேற ரப்பர் இருந்தா குடுங்கண்ணே, மாத்திடறேன்."

அவரிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார். நான் நேராக மல்லாட்டை அக்காவின் கொல்லைக்கே கூட்டிப்போனேன். சுலபமான ஆளாகப் பார்த்துக் கூட்டிப்போனான் என்று யாரும் சொல்லக் கூடாது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, போர்வெல் எத்தனை அடி என்று கேட்டு, அவள் சொல்ல, நான் முதல் இலக்கத்தை மட்டும் எழுதியிருப்பேன். கொட்டகையில் விளக்கு எரிந்தது.

"கரண்ட்டு வந்துடுச்சி!" அக்கா எழுந்து ஓடினாள்.

"ஷட் டவுன் பண்ணு, ஷட் டவுன் பண்ணு!" என்றார் மேனேஜர்.

வளையத்துக்குள் விரலை விட்டு அமுக்கினேன். திரை அணைந்தது.

"ஐயோ, அப்படியே அமுக்கிட்டியா? போச்சு!"

பையில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினேன். அவர் ஷூவோடு சேற்றில் இறங்கி ஏறி வந்து சேர்ந்தார். அக்கா ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். நான் பட்டனை அமுக்கினேன்.

"எங்க விட்டோம்க்கா? போர் நூத்தி..."

"நூத்தி அறுவது." திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடப் பாவி, முழிச்சிக்கிச்சி! இன்னாத்தப் போட்டு எழுப்பின?"

ஒன்றுக்குப் பக்கத்தில் அறுபதை எழுதினேன். தண்ணீர் பாய்கிற சத்தத்தில் கத்திக் கத்தியே மிச்சக் கேள்விகளையும் முடித்தோம். மேனேஜர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்.

"திங்கக்கிழமை சென்னைலேர்ந்து ஆளுங்க வராங்க. மத்த ரெண்டுலயும் இதே மாதிரி செஞ்சு வச்சுடு. அந்தச் செருப்ப மட்டும் எடுத்துடு, பாக்கறதுக்கு அசிங்கமா இருக்கு."

"எடுத்தா பைக்குள்ள முழிச்சிக்கும் சார்."

"அது தெரியும்ப்பா. இருந்தாலும் செருப்பு..."

"கழுவிட்டேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மற்ற இரண்டுக்கும் டிரைவர் ஏற்றினேன், இந்த முறை எல்லோரும் பார்க்கவே. ரப்பருக்கு, ஜோடியில் மிச்சமிருந்த இடது கால் செருப்பை அறுத்தேன். திங்கட்கிழமை சென்னையிலிருந்து வந்தவர்கள் அறைக்கு வெளியே ஷூக்களைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். மேஜைமேல் மூன்று டேப்லெட்களும், மூன்று வளையங்களும் இருந்தன. மூன்றும் தூங்கிக்கொண்டிருந்தன.