ஓய்வு எடுத்த வண்டி

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். கணவரின் பழைய டீசல் வேனில் பின் இருக்கைகளைக் கழற்றி, மெத்தை போட்டு, கேஸ் அடுப்பு வைத்திருந்தார்; ஊர் சுற்ற அது. பொத்தேரியிலிருந்து படூரில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நான் தினமும் போய்வர ஒரு சின்ன பேட்டரி கார். ஆளுக்கொரு வண்டி, சண்டையே வராது என்று பெருமையாகச் சொல்வார். வராதாம்!

அந்த ஆயுத பூஜைக்கு அவருடைய அக்கா, எனக்கு அண்ணி முறை, குடும்பத்தோடு வந்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் வேனில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். எனக்கு விஜயதசமி லீவு கிடையாது, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் வேலை. அதுவும் அன்று காலை ஒன்பது மணிக்கு டீம் லீடர் பதவிக்கு இன்டர்வியூ. மூன்று வருஷமாகக் காத்திருந்தேன்.

பூஜைக்கு முன்பே வேனுக்கு டேங்க் நிரப்பி, குளிப்பாட்டி, மாலை போட்டாகிவிட்டது. அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்ததால் பொரியும் பூசணிக்காயும் வாங்க செங்கல்பட்டு வரை என் கார்தான் போய்வந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. பூஜை முடிந்ததும் போர்ட்டிகோ பிளக்கில் மாட்டிவிட்டுத்தான் சமையலறைக்குள் போனேன்.

காலையில் எழுந்து பார்த்தால் வேன் கிளம்பிவிட்டிருந்தது. என் கார் சார்ஜர் வயர் அழகாகச் சுருட்டி பானெட் மேல் வைக்கப்பட்டிருந்தது, குங்குமம் வேறு. கணவருக்குப் போன் போட்டால் அண்ணி எடுத்தார்.

"பூசை போட்ட வண்டிம்மா. கரண்ட்டு ஏத்தினாலும் வேலைதானே? அதான் புடுங்கி வச்சேன். ஒரு நாளு ரெஸ்ட்டு எடுக்கட்டுமே."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அக்கா பிடுங்கியதைப் பார்த்தாராம். அக்கா மனசு கஷ்டப்படுமே என்று பேசாமல் இருந்தாராம். என் மனசுக்கு மட்டும் கஷ்டமே கிடையாது போலிருக்கிறது!

பண்டிகை நாளில் டாக்ஸி எதுவும் கிடைக்கவில்லை. மின்சார ரயிலில் வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கத்துக்கு நின்றுகொண்டே பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. போய்ச் சேரும்போது மணி பத்தேகால். இன்டர்வியூ முடிந்து, பதவி கிடைத்த பக்கத்து சீட்டுக்காரரின் கையை எல்லோரும் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் குலுக்கினேன்.

சாயங்காலம் காலெல்லாம் மணலோடு வந்து இறங்கினார்கள். அண்ணி நேராகப் போர்ட்டிகோ பிளக்குக்குப் போனார்.

"செல்லு செத்துப் பூட்ச்சு. நேத்து ராத்திரி பூரா சார்ஜ் போட்டும் நிக்கல" என்று சார்ஜரைச் சொருகினார்.

நேற்று சாமி முன்னால் அந்தச் செல்போனுக்கும் நான்தான் சந்தனம் வைத்தேன். பொட்டு இன்னும் அதன் முதுகில் இருந்தது.

செல் சார்ஜரைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, அண்ணி கையில் வைத்தேன். கார் சார்ஜரை மாட்டினேன். பிறகு கணவரிடம் கையை நீட்டி வேன் சாவியைக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றார்.

"நாளையிலேர்ந்து நான் வேன்லதான் ஆபீஸ் போகப்போறேன். உங்க அக்காவ அந்தக் கார்ல கூட்டிக்கினு போங்க."