மூன்று எண்ணும் கை

ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு மட்டும் அசைய, அம்புஜவல்லி கப்பைக் கிளேஸ் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுக்கிறாள். கவிழ்த்து ஓர் உதறு. பிறகு ஈர ஸ்பாஞ்சால் அடியைச் சுற்றி ஒரு துடைப்பு. அடியில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் சூளைக்குள் கப்பு, அதை அடுக்கிய தட்டோடு சேர்ந்து இறுகிவிடும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றுக்கு மேல் ஊறினால் பூச்சு தடித்து, சூட்டில் வழிந்து, அதுவும் வீண். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. "நாலு எண்ணுனா கப்பு போச்சு" என்பாள், யாரும் கேட்காமலே.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. கழுவிய டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து அடியைத் துடைத்த பிறகுதான் கீழே வைப்பாள். டீக்கடையில் கிளாஸ் வாங்கினாலும் முந்தானை அதன் அடிக்குப் போய்விடும். "ம்மா, அது ஒண்ணும் ஒட்டிக்காது. குடி" என்பாள் மகள் துர்கா.

தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம். மணிமுத்தாற்றில் வருடத்தில் பாதி நாள் மணல்தான். தண்ணீர் வருகிற நாளிலும் முழங்காலைத் தாண்டி இறங்கியதில்லை. காரணம் கேட்டால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. "உள்ள போனது சட்டுனு வெளிய வரணும். வரலன்னா எனக்கு ஆவாது." துர்காவோ பெண்ணாடத்தில் சித்தி வீட்டு மோட்டார் கிணற்றில் நீச்சல் பழகியவள். அதை ஒரு தடவையும் அம்புஜவல்லி பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

2006 மே மாதம், சூளையைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பட்டறைக்கு விடுமுறை. பெண்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டாவது பரீட்சை முடித்திருந்த துர்காவும் தொற்றிக்கொண்டாள். வேன் நின்ற இடத்திலிருந்து ஏரிக்கு ஒன்றரை மணி நேர நடை. வழிகாட்ட வந்த மலைக்காரர் கருப்பன், தோளில் கயிற்றுச் சுருளோடு முன்னால் போனார். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் அம்புஜவல்லி எட்டி நடந்து அவரிடம் போனாள்.

"ஏரி எவ்ளோ ஆழம்ங்கண்ணே?"

"தெரியாதும்மா. யாரும் அளந்து பாத்ததில்ல."

அதன்பிறகு அவள் வழியெல்லாம் மகளின் தாவணி நுனியைப் பிடித்தபடியே நடந்தாள். "விடும்மா, மாடா ஓட்டிக்கினு போற?" என்றாள் துர்கா.

ஏரித் தண்ணீர் அடி தெரியாமல் கறுத்துக் கிடந்தது. நடுவில் கவிழ்த்த தொட்டி மாதிரி ஒரு பாறை. "கரையோரமா மட்டும் குளிங்க. முட்டிக்கு மேல போவாதீங்க, திடீர்னு பள்ளம் இருக்குது. நீச்சல் தெரிஞ்சவங்க பாறை வரைக்கும் போலாம்" என்றார் கருப்பன்.

துர்கா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள். கரையில் அம்புஜவல்லியின் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தலை வந்தது. மறுபடி முங்கினாள். மூன்றுக்குள் வந்துவிட்டாள்.

"ஏங்க்கா, கப்பா முக்குற?" என்று சிரித்தாள் பட்டறையில் தட்டு அடுக்கும் நீலாவதி. "புள்ள குளிக்குது. வந்து சோத்த பிரி."

பாறையருகே மூன்றாவது முறை முங்கிய துர்கா, மூன்றுக்கு வரவில்லை. எட்டுக்கு வரவில்லை. பதினைந்து. தண்ணீர் மூடிக்கொண்டு, அங்கே யாரும் இறங்கவே இல்லை என்பதுபோல் சும்மா கிடந்தது. கருப்பன் அந்தப் பக்கம், யாரோ வழுக்கவிட்ட செருப்பைக் கோலால் இழுத்துக்கொண்டிருந்தார். அம்புஜவல்லி கூப்பிட நினைத்தாள். கால் மட்டும் இறங்கியது. முழங்கால். இடுப்பு. அடுத்த அடிக்குத் தரை இல்லை.

காதுக்குள் பட்டறை மோட்டார் போல ஓர் இரைச்சல். கண்ணெதிரே பச்சை, பிறகு கறுப்பு. அப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது தன்னை. நாலு. ஐந்து.

கொண்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. துர்காவின் கை. கருப்பன் வீசிய கயிற்றில், துர்காவும் அவளும் ஒன்றாகக் கரைக்கு வந்து விழுந்தார்கள்.

"நீ எதுக்கும்மா எறங்கன? பாறைக்கு அந்தாண்ட புடிச்சிக்கினு மூச்சு வாங்குனேன், அவ்ளோதான்! நீலா அக்கா கத்தலன்னா…" துர்காவால் முடிக்க முடியவில்லை.

"உன் எண்ணிக்கைல தீய வெய்க்க!" என்று நீலாவதி அழுதுகொண்டே அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். கருப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவளிடம் வந்தார். "இருவது வருசத்துல ஒரு உசுரு போனதில்லம்மா. இன்னிக்கு என்ன கொல்லப் பாத்தியே."

அம்புஜவல்லி முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டாள். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. உட்கார்ந்தபடியே நகர்ந்து, எதிரே நின்ற மகளின் கணுக்காலைப் பிடித்தாள்.

"தூக்கு."

துர்கா அம்மாவின் தலையில் கை ஊன்றி ஒரு காலைத் தூக்கினாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்த முந்தானையால், உள்ளங்காலில் அப்பியிருந்த ஏரிச் சேற்றை அம்புஜவல்லி சுற்றி ஒரு துடைப்புத் துடைத்தாள். அதை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, அடுத்த காலுக்குக் கை நீட்டினாள்.