மண் ஒட்டிய அலுவலகப் போன்

அந்த அலுவலகப் போனின் விளிம்பு இடுக்கில் இன்னும் கொஞ்சம் செம்மண் இருக்கிறது. லுணுகலைத் தோட்டத்து மண். துடைக்க எனக்கு மனமில்லை.

எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர், கொழும்புத் தரவு மையம் ஒன்றில் எனக்கு மூத்தவராக இருந்தவர்; கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அவர் அண்ணன். என்னைப் போலவே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். கணினிகளுக்கு நடுவே ஓடும் தரவு நெரிசலில் சிக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. சமமான பல பாதைகள் இருந்தாலும், அனுப்பும் முகவரியையும் சேரும் முகவரியையும் மட்டும் வைத்து, தரவைத் திருப்பிவிடும் கருவி ஒரு பாதையை ஒதுக்கிவிடும். சுமை எவ்வளவு, பாதை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காது. பெரிய சுமைகள் இரண்டு ஒரே பாதையில் விழுந்தால் அது திணறும். பக்கத்துப் பாதை ஈயோட்டிக்கொண்டிருக்கும். கண்காணிப்புத் திரையிலோ எல்லாம் பச்சை, ஏனென்றால் அது காட்டுவது சராசரியை.

நெரிசலைப் பார்த்துப் பாதை மாற்றும் முறையை வைக்கலாம் என்று அண்ணன் மேலாளரிடம் பலமுறை கேட்டார். சராசரி நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு அடைப்பையும் அண்ணனே கையால் பிரித்துவிட்டார். நாங்கள் நான்கு பேர் இருந்தும் அழைப்பெல்லாம் அவருக்குத்தான். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் போய் நின்று பழகிய குடும்பம். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. அதிலும் எனக்குக் கோபம்தான்.

பதுளை ஆஸ்பத்திரியில் தன் அம்மா கிடந்தபோது அண்ணன் லீவு கேட்டார். இந்த வாரம் மட்டும் முடியட்டும் என்றார்கள். வாரம் முடிவதற்குள் அம்மா போய்விட்டார்.

தேயிலை மலையோரம் அம்மாவை இறக்கிய குழிக்கு முன்னால் மொட்டைத் தலையோடு அண்ணன் மண்ணை அள்ளினார். மூத்த மகன் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போட வேண்டும். என் கையில் இருந்த அவருடைய போன் அடித்தது. மேலாளர். துண்டித்தேன், மறுபடியும் அடித்தது.

"குடு தம்பி. எடுக்காட்டி விடமாட்டாங்க."

மண் கையோடு வாங்கி, "சொல்லுங்க சேர்" என்றார். எந்தச் சுமையை எந்தப் பாதைக்கு மாற்றுவது என்று குழியோரத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கைப்பிடி மண்ணோடு தோட்டமே காத்து நின்றது.

அடுத்த மாதமே அவர் வேலையை விட்டார். போன் எனக்கு வந்தது, அழைப்புகளும் வந்தன. பாதை ஒதுக்கும் முறை மட்டும் மாறவில்லை.

இன்று அண்ணனுடைய அம்மாவின் திதி. லீவு சொல்லிவிட்டுத்தான் லுணுகலைக்கு வந்தேன். அண்ணன் வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் போன் அடித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றுவிட்டது. எடுத்தேன். மேலாளர்தான். ஒரு பாதை அடைத்துவிட்டதாம், உடனே பார்க்க வேண்டுமாம்.

"சராசரி நல்லாத்தானே இருக்கு சேர். அதக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் போனை அணைத்தேன்.