பூங்கா விலாஸை மூடிய காத்தூன் பீவி

நிக்காஹ் முடிந்து ஒன்றரை வருஷமாகியும் காத்தூன் பீவிக்குப் புருஷனோடு தனியாக நாலு வார்த்தை பேச வாய்க்கவில்லை. தண்டையார்பேட்டையில் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு ஒரே அறை. அதில் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார், ஒரு கொழுந்தன். மூலையில் பழைய சேலையைக் குறுக்கே கட்டி, அதுதான் புருஷன் பொண்டாட்டிக்கான இடம் என்று விட்டிருந்தார்கள். அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம் மாமியார் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் இருவரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

புருஷன் காஜா மொய்தீன் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவன். நல்லவன், சாது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்பார்களே, அப்படி. ரங்கூன் அரிசி ஆலைக்கு ஆள் சேர்த்த மேஸ்திரியிடம் பேர் கொடுத்துவிட்டு வந்து, கப்பலேறும் முன் ஒரு யோசனை சொன்னான். காத்தூனை அவள் அம்மா வீட்டில் விடப்போவதாக வீட்டில் சொல்லிக்கொள்வது. ஆனால் நேரே போகாமல், ராயபுரத்தில் பூங்காவுக்கு எதிரே இருக்கும் லாட்ஜில் ரெண்டு நாள் தங்குவது. பூ, காத்து, ஃபவுண்டன் எல்லாம் இருக்கிறதாம். ஜட்காக்காரர்கள் சொன்னார்களாம். காத்தூனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனாக யோசித்து அவளுக்காகச் செய்த ஒரே காரியம் அது.

லாட்ஜின் பேர் பூங்கா விலாஸ். வாசல் பலகையில் மயிலும் பீறிடும் நீரூற்றும் வரைந்திருந்தது. உள்ளே போனால் கதை வேறு. பூங்காவைப் பார்த்த ஜன்னலை, கரித்தூள் வருகிறதென்று ஆணி வைத்து அடித்துவிட்டிருந்தார்கள். அறைக்கும் அறைக்கும் நடுவே நெஞ்சு உயரத்துக்குத்தான் பலகை. அதற்கு மேல் கோணிச் சாக்கு. கட்டிலில் பாதிக் கயிறு இல்லை, மீதிக் கயிற்றில் மூட்டைப்பூச்சி. ஓட்டு இடுக்கில் மழை சொட்டியது. எதிரே இருந்த பூங்காவிலோ நீரூற்றுத் தொட்டியில் தண்ணீருக்குப் பதில் ஆடுகள் படுத்திருந்தன.

இருந்தும் காத்தூன் முதல் நாள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். இவர்கள் கிசுகிசுத்தால் சாக்குக்கு அந்தப் பக்கம் எவனோ இருமினான். அவன் இருமலுக்கும் சேர்த்துச் சிரித்தாள். இந்தக் கலீஜில் ரெண்டு நாளா என்று காஜா மொய்தீன் வருத்தப்பட்டபோது, நாளைக்குப் பூங்காவில் போய் உட்காரலாம் மச்சான் என்று தேற்றினாள்.

மறுநாள் மத்தியானம் பர்மாவின் மோல்மீனிலிருந்து ஒரு மர வியாபாரி குடும்பத்தோடு வந்து இறங்கினார். வாசலோரத்து அறைதான் வேண்டும் என்றார். லாட்ஜ் முதலாளி ஏகாம்பரம், காத்தூனும் புருஷனும் இருந்த அறைக்கு வந்து மூட்டையைக் கட்டச் சொன்னான். காஜா மொய்தீன் எழுந்து நின்று, நாளைக் காலை கப்பல், அதுவரை இருந்துவிட்டுப் போகிறோம் என்று கெஞ்சினான். ஏகாம்பரம் தெருவில் இறங்கிப் போய், மூலையில் நின்ற போலீஸ்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"இது எங்கேந்தோ தள்ளிக்கினு வந்த பொம்பள. என் லாட்ஜில இந்தத் தொழிலெல்லாம் நடக்கக் கூடாது" என்றான், வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி.

ஜட்காக்காரர்கள் கூடினார்கள். வியாபாரியின் சம்சாரம் பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போலீஸ்காரன் காஜா மொய்தீனைப் பார்த்து, இவள் உனக்கு யார் என்று கேட்டான். அவன் வாயைத் திறக்குமுன், சம்சாரம்தான் என்றால் உன் வீட்டு ஆளை வரச் சொல்லி விசாரித்துவிடுவோம் என்றும் சேர்த்துச் சொன்னான்.

காஜா மொய்தீனுக்கு அம்மா முகம் கண்முன் வந்திருக்க வேண்டும். வீட்டில் சொன்ன பொய், கப்பல், மேஸ்திரி எல்லாம் வந்திருக்க வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் அவர் பொண்டாட்டி" என்றாள் காத்தூன். யாரும் அவளைக் கேட்கவில்லை. குனிந்த தலையைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. ஏகாம்பரம் அவள் துணி மூட்டையை எடுத்துத் தெருவில் வைத்தான். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தான். அசிங்கத்தைத் தொடுகிறவன் போல ரெண்டு விரலால் பிடித்து வைத்தான். அந்த ரெண்டு விரலைக் காத்தூன் மறக்கவே இல்லை.

மறுநாள் கப்பல் போயிற்று. துறைமுக வாசலில் காஜா மொய்தீன் அவள் முகத்தைப் பார்க்காமலே விடை வாங்கிக்கொண்டான். அவள் தண்டையார்பேட்டை போய்ச் சேருமுன் சங்கதி அங்கே போய்விட்டது. மாமியார் கதவை விட்டு நகரவில்லை. கட்டின பொண்டாட்டியை என் மகன் லாட்ஜுக்கா கூட்டிப்போவான், உன்னை எவன் கூட்டிப்போனானோ அவனிடமே போ என்றாள். அந்தக் கதவு அதற்கப்புறம் அவளுக்குத் திறக்கவில்லை.

காத்தூன் அம்மா வீட்டில் கிடந்தாள். ஒரு நோன்பு மாதம் கழிந்தது, பெருநாள் கழிந்தது. ரங்கூனிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு ஒரு நாள் விடிந்ததும் அடுப்பையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு போய், பூங்கா வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் விற்க உட்கார்ந்தாள். நேர் எதிரே பூங்கா விலாஸ்.

ஏகாம்பரம் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

அவள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. லாட்ஜ் வாசலில் வண்டி வந்து நின்றால், இறங்குகிறவர்களை இந்தப் பக்கம் கூப்பிடுவாள். ஊருக்குப் புதிதா என்று விசாரிப்பாள். சூடாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பாள். சாப்பிடும்போது, போகிறபோக்கில் சொல்வதுபோலச் சொல்வாள்: "முன்னாடி ரூமு ஒழுவுது, பின்னாடி ரூம்ல சாக்கு தொங்குது. மூட்டப்பூச்சி ரெண்டுலயும் கீது. பொம்பளைங்க கூட இருந்தா யோசிச்சுக்கோங்க." அத்தனையும் நிஜம். போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, நல்லவேளை சொன்னாயம்மா என்று வேறு இடம் கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஜட்காக்காரர்களை அவள் தனியாகக் கவனித்தாள். அன்றைக்குச் சிரித்த கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள், அதை அவள் மறக்கவில்லை. ஆனால் யார் கணக்கை எப்போது தீர்ப்பது என்று அவளுக்கு ஒரு வரிசை இருந்தது. அவர்கள் தட்டில் பாயா கெட்டியாக விழுந்தது. குதிரைக்குத் தண்ணீர் எடுத்து வைத்தாள். வருஷம் திரும்புவதற்குள் ஹார்பர் பயணிகளை ஏற்றுகிற வண்டிகள் பூங்கா விலாஸ் பக்கம் திரும்புவதை விட்டன.

ஏகாம்பரத்துக்கு விஷயம் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. புரிந்ததும் முதலில் ஆள் விட்டு அடுப்பை உதைக்கச் சொன்னான். உதைக்க வந்தவன் இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனான். பிறகு கார்ப்பரேஷன் ஆளிடம் சொல்லி அவளை எழுப்பினான். அவள் அதே தெருவில் பூங்காவின் மறு வாசலுக்குப் போய், லாட்ஜ் எதிரே தெரிகிற ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். அந்த வாசல் ரயில் ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில் இருந்தது, அவளுக்கு முன்னைவிடத் தோதாகப் போயிற்று. சனியன் போய் இன்னும் வசதியான இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்று அவன் புலம்பியதை லோகநாதன் என்ற ஜட்காக்காரர் வந்து சொன்னபோது, காத்தூன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

இதற்கு நடுவே ரங்கூன் சேதியும் வந்தது. ஊர் திரும்பிய ஆலைக்காரர் ஒருவர் சாப்பிட உட்கார்ந்து, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். காஜா மொய்தீன் அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, குழந்தை குட்டியோடு சௌக்கியமாக இருக்கிறானாம். காத்தூன் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பாயா ஊற்றினாள். லோகநாதன் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தார்.

ஆலைக்காரர் போனதும் லோகநாதன் மெல்லக் கேட்டார்: "யக்கா, உன் கோவம் இந்த ஏகாம்பரம் மேலயா, உம் புருஷன் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்தான். அவரு கடலுக்கு அந்தாண்ட கீறாரு. இவன் எதுக்கால கீறான்" என்றாள்.

ஏகாம்பரம் கடைசியில் புத்தி வந்தவனாக ஒரு காரியம் செய்தான். லாட்ஜைச் செப்பனிட்டான். ஓடு மாற்றினான், சாக்கைக் கழற்றி மேல்வரை பலகை அடித்தான், கட்டில்களைக் கொளுத்திவிட்டுப் புதுக் கட்டில் போட்டான். ஆணி பிடுங்கி ஜன்னலைத் திறந்துவிட்டான். சுண்ணாம்பு வாசனை தெருவரை வந்தது.

அன்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பொண்டாட்டியும் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்து, எதிர் லாட்ஜ் எப்படி என்று கேட்டார்கள். புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. காத்தூன் எதிரே பார்த்தாள். வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று இருந்தது.

"மூட்டப்பூச்சி" என்றாள். "சொவத்துக்குள்ளயே கூடு கட்டிக்கினு கீது. சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிருக்கான்."

அதுவரை அவள் சொன்னதெல்லாம் நிஜம். அன்றுதான் முதல் பொய். சொன்ன பிறகு உறுத்தும் என்று நினைத்தாள், உறுத்தவில்லை. மறுநாள் இன்னும் சுலபமாக வந்தது. போன மாதம் அங்கே ஒருத்தன் காலரா வந்து செத்தான், பெரிய ஆஸ்பத்திரி வண்டி வந்து எடுத்துப் போயிற்று என்று அதற்கடுத்த நாள் சொன்னாள். காலரா என்ற வார்த்தை கேட்ட பிறகு எவன் தங்குவான்? புதுப் பலகையும் புதுக் கட்டிலும் ஆள் இல்லாமல் புழுதி படிந்தன. செப்பனிட வாங்கிய கடனே ஏகாம்பரத்தின் கழுத்தைப் பிடித்தது.

ஒரு சாயங்காலம் அவன் சம்சாரம் சொக்கம்மாள் மரத்தடிக்கு வந்தாள். இளைத்த உடம்பு, காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தது. "இப்ப பூச்சி இல்லம்மா. நீயே வந்து பாத்துட்டுப் போ. காலரா யாருக்கும் வரல. உனக்கும் அது தெரியும்" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. காத்தூன் அடுப்பை ஊதினாள். சொக்கம்மாள் போகாமல் நின்று, என்ன செய்தால் உனக்கு ஆறும் என்று கேட்டாள்.

அதற்குக் காத்தூனிடம் ரொம்ப நாளாகப் பதில் இருந்தது.

மறுநாள் ஜட்காக்காரர்கள் சாப்பிட வரும் வேளையில் ஏகாம்பரம் தெருவைத் தாண்டி வந்தான். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் இருந்தது. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இந்தம்மா அன்னிக்குக் கட்டின புருஷனோடத்தான் வந்துச்சு. எனக்கும் அது தெரியும். ரூமுக்காவ வாய் கூசாம சொல்லிட்டேன்" என்றான். தெருவுக்கே கேட்கும்படி சொல்லவில்லை, குரல் எழும்பவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்களுக்குக் கேட்டது. லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

காத்தூன் கடைசி வரை கேட்டாள். "கேட்டுக்கினேன்" என்றாள்.

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இனிமேல் விட்டுவிடும்மா என்று லோகநாதன் சொன்னதற்கு, கேட்டுக்கொண்டேன் என்றுதான் சொன்னேன், விடுகிறேன் என்று எப்போது சொன்னேன் என்று திருப்பிக் கேட்டாள். மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து வந்த முதல் ஆளிடம் காலரா கதையை ஆரம்பித்தாள். கட்டின புருஷனோடுதான் வந்தாள் என்ற வார்த்தை ஏகாம்பரத்தின் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, அது போதவில்லை.

பூங்கா விலாஸ் அந்த மழைக்காலத்துக்கு முன்பே மூடியது. கருவாட்டு வியாபாரி ஒருவர் அதைக் கிடங்காக்கிக்கொண்டார். ஏகாம்பரம் குடும்பத்தோடு புழல் பக்கம் சொந்தக்காரர் நிலத்துக்குப் போனான். மாட்டு வண்டியில் சாமான் ஏற்றியபோது காத்தூன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, வண்டி திரும்புகிறவரை பார்த்தாள். சொக்கம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். காத்தூன் பார்வையை விலக்கவில்லை.

லாட்ஜ் போனதும் வழிப்போக்கர்களும் போனார்கள். காத்தூனின் இடியாப்பத்தைத் தின்றதெல்லாம் லாட்ஜுக்கு என்று வந்தவர்கள்தானே. கருவாட்டு நாற்றத்தில் உட்கார்ந்து யார் சாப்பிடுவார்கள்? ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் அவளுக்குப் பசிகூடச் சரியாக எடுக்கவில்லை. காலையில் எழுந்ததும் எதிரே பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்தது. எதிரே பார்ப்பதற்கு யாரும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜமாத்துக்குப் போனாள். நிக்காஹை முறித்துத் தரச் சொல்லிக் கேட்டாள். பெரியவர்கள் தயங்கவில்லை. இத்தனை வருஷம் செலவுக்குக்கூடக் கொடுக்காமல் விட்டுப் போனவன், அந்தக் காரணமே போதும் என்றார்கள்.

"அது இல்ல காரணம்" என்றாள். "அவரு போனதுக்காவ நான் வரல. போலீஸ்காரன் இவ உனக்கு யாருன்னு கேட்டப்ப வாயத் தொறக்கல. அதுக்காவத்தான். அதை எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே எல்லோரும் கேட்கச் சொல்லி நிக்காஹை முறித்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த அவள் மாமனார் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரங்கூன் கப்பலேறும் ஆள் ஒருவரிடம் இதைக் காஜா மொய்தீனின் காதில் போடும்படி சொல்லியனுப்பினார்கள். போட்டாரா இல்லையா, தெரியாது.

அதன்பின் அவள் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலை வாசலில் கடை போட்டாள். வியாபாரம் நன்றாக நடந்தது. வயதான காலத்தில் ஒருத்தி அவளிடம், அந்த லாட்ஜுக்காரனைப் பொய் சொல்லிக் கெடுத்தாயே, அவன் பொண்டாட்டி என்ன பாவம் செய்தாள் என்று கேட்டாள். காத்தூன் பீவி மாவைப் பிழிந்துகொண்டே யோசித்தாள்.

"அவ ஒரு பாவமும் பண்ணல" என்றாள். "நான் மட்டும் இன்னா பண்ணேன்?"