பிறந்தநாளில் விடுதலையான சேவல்

என் மேசை இழுப்பறையில் வெட்டுப்பட்ட நீல பிளாஸ்டிக் வளையம் ஒன்று கிடக்கிறது. ரங்கூனில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துச் சேவலின் காலில் இருந்தது. அதன் ரத்தம் இல்லாமல் எங்களுக்குச் சோதனையே இல்லை. ஃப்ளூ வைரஸ் பட்டால் அந்த ரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பரவும். நோயாளியின் எதிர்ப்பொருள் வைரஸை அடக்கிவிட்டால் அடியில் சிவப்புப் பொட்டாகப் படியும். வைரஸோ மழைக்கு மழை ஆள் மாறும். பழைய எதிர்ப்பொருள் புது வைரஸை அடக்குமா என்பதைக் கம்ப்யூட்டரிலேயே கணித்துவிடலாம் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலைவி டாக்டரம்மாவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. இந்த மழைக்கால வைரஸ்களில் என் கணிப்பு தேறாவிட்டால் கம்ப்யூட்டர் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அதோடு என் வேலையும் போகும். சோதனை நாளன்று காலையில் பார்த்தால் கூண்டு காலி.

“நேத்து எனக்குப் பொறந்த நாளு தம்பி. கியாக்தான்ல ஆத்து நடுவுல இருக்குற புத்தர் பயாவுல விட்டுட்டு வந்தேன்” என்றார் டாக்டரம்மா, நெற்றி நிறைய விபூதியோடு. “சோதனை இருக்குன்னு தெரியும். அதுக்காகப் பொறந்த நாளைத் தள்ளிவைக்க முடியுமா?”

பிறந்தநாளுக்கு ஓர் உயிரை விடுவிப்பது பர்மாவில் வழக்கம்தான். ஆய்வுக்கூடத்துச் சேவலை விடுவித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். வேறு சேவல் வாங்கினால் பழைய முடிவுகளோடு ஒப்பிட முடியாது. இதைத் திருப்பிக் கொண்டுவந்தாலோ பாவம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“உயிரைத்தானே விட்டேன். கொஞ்சம் ரத்தம் குடுத்தா அதுக்கும் புண்ணியம்தான்” என்று ஊசியும் ஐஸ் பெட்டியுமாகக் கிளம்பிவிட்டார்.

பஸ், பிறகு படகு. பயாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோழி எச்சத்தில் வழுக்கி வழுக்கி, நேர்ந்துவிட்ட சேவல் கூட்டத்தில் நீல வளையத்தைத் தேடி ஓடினேன். மீனுக்குப் பொரி போட வந்தவர்கள் அதை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். டாக்டரம்மா கூப்பிட்டதும் அது தானாக வந்தது. வழக்கம்போல, “மன்னிச்சுக்கடா ராசா” என்று சொல்லித்தான் குத்தினார். பிறகு வளையத்தைக் கத்தரித்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் என் கணிப்பில் ஒன்று தவிர எல்லாம் பலித்தது. அந்த ஒன்றுக்காக வேலை போகுமோ என்று நின்றேன்.

“கம்ப்யூட்டர் இருக்கட்டும். நீ முதல்ல கணிச்சுச் சொல்லு. சந்தேகமானதுக்கு மட்டும் இனிமே வாங்குற சேவலைக் குத்துவோம். பாவம், அது எத்தனை குத்து தாங்கும்?”

இப்போது அறை கொள்ளாத கம்ப்யூட்டர்களோடு அதே வேலைதான் செய்கிறேன். கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேவலுக்கு எத்தனை குத்து மிச்சமாயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டத்தான் வளையத்தை வைத்திருக்கிறேன்.