அனு போட்ட பூட்டு

ஊர்வம்பு என்றால் அனுவுக்கு உயிர். பட்டினப்பாக்கத்திலிருந்து எங்கள் மயிலாப்பூர் கல்லூரிக்கு நடந்து வருவதற்குள் நாலு வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அம்மா மீன் விற்கிறார், மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். மூன்று வருடமாகப் பக்கத்து இருக்கையில் அவளைச் சகித்துக்கொண்டிருப்பவள் நான், மஹ்விஷ்.

மாணவர்கள் செலவை எழுதி வைக்க அவள் ஒரு வெப் ஆப் செய்தாள். பெயர் 'போச்சா'. டீ குடித்தால் பதினைந்து ரூபாய் என்று தட்டிவிட வேண்டும். மாதக் கடைசியில் காசெல்லாம் எங்கே போச்சு என்று அது சொல்லும். சொந்த லேப்டாப் கிடையாது. எல்லாம் கல்லூரி லேபில் உட்கார்ந்து செய்ததுதான். கல்லூரிப் போட்டியில் முதல் பரிசு ஒரு லேப்டாப். அது அவளுக்கே கிடைக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டேன். அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

சோதித்துப் பார்க்க வகுப்பில் நாற்பது பேர் செலவை எழுதினார்கள். செய்தவள் என்பதால் எல்லோர் கணக்கும் அவள் கண்ணில் படும். கேட்க வேண்டுமா? "பிரணவ் முடிவெட்ட ஐந்நூறு குட்த்துகீறான் மச்சி, அந்த நாலு முடிக்கு" என்று தினமும் எனக்குச் செய்தி வாசித்தாள்.

ஒருநாள் குரல் இறங்கியது. "ஹம்சா தெனம் கேன்டீன்ல அறுபது ரூபாக்கு சாப்புடறாளாம். நீ அவள அங்க பாத்துகீறியா?"

பார்த்ததில்லை. அபிராமபுரத்து ஹம்சா மதியத்தில் நூலகத்தில்தான் இருப்பாள். 'அப்பவே சாப்ட்டேன்' என்பாள். நாங்களும் நம்பினோம், மடச்சிகள்.

"ஆப்புல போய் யாராவது பொய் எழுதுவாங்களாடி?" என்றேன்.

"ஆப்புக்கா எழ்துனா? நான் பாக்கறேன்னு எழ்திகீறா."

அன்றைக்கே பூட்டுப் போட்டாள். எழுதியவரைத் தவிர யாரும், அனுவே கூட, எதையும் பார்க்க முடியாது. வகுப்பில் எழுந்து நின்று அதை எல்லோருக்கும் சொல்லியும்விட்டாள். போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "கைக்கு எட்டினத வாய்க்கு எட்டாம பண்றியே, லூசு. நடுவருங்க கேட்டா எதக் காட்டுவ?"

"இன்னா பண்ண சொல்ற? அவ பட்னி கெடந்துகினு, எனக்கோசரம் சோறு எழ்திகினு கீறா."

போட்டியன்று நடுவரும் அதையேதான் கேட்டார். "பசங்க எதுக்கும்மா அதிகமா செலவு பண்றாங்க?"

"தெரியாது சார். நான் பாக்க முடியாது."

பின்வரிசையில் நான் தலையில் அடித்துக்கொண்டேன். லேப்டாப் வேறு குழுவுக்குப் போனது.

வெளியே ஹம்சா காத்திருந்தாள். தன் போனை அனுவிடம் நீட்டினாள். "நீ பூட்டினதுக்கு அப்புறம்தான் நெஜத்த எழுதறேன். நீயே பாரு." பத்து நாள். மதியச் சாப்பாட்டுக்கு நேரே பத்து பூஜ்யம். "அப்பாக்கு வேலை போயிடுத்து. ஆத்துல காசு கேக்க மனசு வரல."

 அனு போனை ஹம்சாவின் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள். "வா, கேன்டீன் போலாம். தனியா துன்னா எனக்கு எறங்காது."

அரை மணி முன்புதான் என் பிரியாணியில் பாதியைத் தின்றிருந்தாள். இப்போது ஹம்சாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து இன்னொரு முழுச் சாப்பாட்டையும் ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தாள். எனக்கு அனுவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.