வெண்டிக்காய்ப் பையோடு ஒலுவில் வரை

சென்ற புதன்கிழமை கல்முனையிலிருந்து ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய்மாருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். அங்கே படிக்கும் என் மகளின் ஆய்வு தொடருமா, நிற்குமா என்று அன்றுதான் முடிவாக இருந்தது. அவள் கேட்ட இரண்டு கிலோ வெண்டிக்காயை முதல்நாளே வாங்கிப் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தேன்.

என் கணவர் வளைகுடா நாடொன்றில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவர். கிணறு குறைந்து வரும்போது நிலத்துக்குள் தண்ணீரை அழுத்தி, மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுப்பார்கள். வெறும் தண்ணீர் சுலபமான வழியைப் பார்த்து ஓடிவிடும். கஞ்சிபோலத் தடித்தால்தான் எண்ணெயைத் தள்ளும். அதற்கென்று ஓர் இரசாயனத் தூள் கலப்பார்கள். "அது லேசில மக்காது. மேல வாற தண்ணியை எங்க விடுறதெண்டுதான் கரைச்சல்" என்று போனில் சொல்வார். மூன்று வருடங்களுக்கு முன் அங்கேயே மௌத்தானார். அந்த மணலிலேயே அடக்கினார்கள். அந்தத் தூளுக்குப் பதிலாக வெண்டிக்காயின் கொழகொழப்பைப் பாவிக்கலாமா என்பதுதான் மகளின் ஆய்வு.

காலை 7.30க்கு அக்கரைப்பற்று பஸ். டிக்கெட் 120 ரூபா. நிந்தவூர் தாண்டினால் இரு பக்கமும் வயல். இடப்பக்கம் இருந்தால் வெயில் படும். ஒலுவில் சந்தியிலிருந்து ஓட்டோவுக்கு 200. ஓட்டோக்காரத் தம்பி என் பையைப் பார்த்தார்.

"கம்பஸ்ல சமைக்கவா போறீங்க, ராத்தா?"

"இல்ல தம்பி, எண்ணெய் எடுக்க."

"வெண்டிக்காயிலயா? அப்ப என்ட ஓட்டோக்கும் ரெண்டு லீட்டர் எடுத்துத் தாங்க."

ஆய்வுகூடத்தில் சிரிப்பு இல்லை. வெண்டிக்காய்ச் சாறு ஊற்றி ஒரு வாரம் சூட்டில் வைத்த போத்தலை மகள் சரித்துக் காட்டினாள். தடிப்பே இல்லை, தண்ணீராக ஓடியது, புளித்த வாடை. நான் கொண்டுபோன பையும் வேர்த்து, அடியில் கிடந்த காய்கள் அழுகத் தொடங்கியிருந்தன.

"பழுதாகிற சாமானை வச்சு என்ன செய்யிற? வேற தலைப்பு எடுங்க" என்றார் அவளுடைய ஆய்வைப் பார்க்கிற மேடம்.

மகள் போத்தலை மேசையில் வைத்தாள். "பழுதாகத்தான் வேணும், மேடம். வேலை முடியுமட்டும் தாங்கினாப் போதும். பிறகு மண்ணோட மண்ணாப் போகட்டும். எங்கட வாப்பா கிடக்கிற மண் அது."

மேடம் போத்தலை எடுத்து இன்னொரு முறை சரித்துப் பார்த்தார். பிறகு, "அப்ப எத்தனை நாள் தாங்குது, எத்தனை நாள் தாங்க வைக்கலாமெண்டு பாருங்க. அதுதான் இனி உங்கட தலைப்பு" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். பெண்கள் தொழும் அறையில் ளுஹர் தொழுதேன். நாங்கள் மௌத்தானவரின் உடலைத் தைக்காத வெள்ளைத் துணியில் சுற்றி, கபனிட்டு, மண்ணிடம் கொடுக்கிறோம். மண் அதை ஏற்றுக்கொள்கிறது. என் கணவருக்கு யார் கபனிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த மண்ணுக்கு என் மகள் ஏதோ செய்யப் பார்க்கிறாள் என்பது தெரியும்.

போகிறவர்களுக்கு: பகல் ஒரு மணிக்குப் பிறகு பஸ்ஸில் நெரிசல்; அதற்கு முன் திரும்பிவிடுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். மரக்கறியைப் பொலித்தீனில் கட்டாதீர்கள். சனிக்கிழமை இன்னும் இரண்டு கிலோ கொண்டுபோகிறேன், வெள்ளைச் சீலைத் துண்டில் சுற்றி.